துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது

இலவசமாக எதையாவது கொடுக்க வருகிறவர்களிடம் யோகமலர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இதில உங்களுக்கு என்ன வருது?"

கேள்வியைக் கேட்டதும் எதிரே இருந்த லோகப்பிரியாவுக்கு டீ புரையேறியது. முகாம் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடைப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குள் வெளியாள் நினைத்தபோது நுழைந்துவிட முடியாது; அனுமதி வேண்டும். அதனால் பெயின்ட் வேலைக்கு ஆள் கேட்பதிலிருந்து கல்யாணப் பேச்சு வரை எல்லாமே இந்தப் பெஞ்சில்தான் நடக்கும். லோகப்பிரியா சிங்காநல்லூரில் பழைய மில் ஒன்றின் பஞ்சுக் குடோனை எடுத்து அதில் நாடகம் போடுகிறவள். யோகமலர் முகாமின் தலைவி. சின்னப் பிள்ளையாக மன்னாரிலிருந்து படகில் வந்தவள், இங்கேயே வளர்ந்து, தையல் கற்று, ஒரு மகளைப் பெற்று, புருஷனைப் பறிகொடுத்து, இப்போது முகாமில் எல்லோர் சண்டையையும் தீர்த்துவைக்கிறாள்.

"எங்களுக்குப் பாக்கறதுக்கு ஆளு கெடைக்குமுங்க்கா" என்றாள் லோகப்பிரியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பஸ்ஸு நாங்களே அனுப்பறோம். டிக்கெட்டு வேண்டாம். வந்து உக்காந்து பாத்தாப் போதுமுங்க."

"கோயம்புத்தூரில ஆளே இல்லையோ?"

"இருக்கறாங்க. வர்றவங்களேதான் திரும்பத் திரும்ப வர்றாங்க. எந்த எடத்துல சிரிப்பாங்கன்னு எங்களுக்கே தெரிஞ்சுபோச்சு."

"நாடகம் எங்களப் பற்றியோ?"

"இல்லீங்க்கா. அந்தியூர்ச் சந்தைல குதிரை வித்துக் குடுக்கற ஒரு தரகரப் பத்திங்க. சிரிப்பு நாடகம்."

இதுதான் யோகமலரை உண்மையிலேயே கலக்கியது. 'உங்களைப் பற்றித்தான்' என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். வருவார்கள், கதை கேட்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆனால் குதிரைத் தரகருக்கும் அகதிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தமே இல்லாத ஒன்றுக்கு ஒருத்தி பஸ் அனுப்புகிறாள் என்றால் வேறு எதற்கோ அனுப்புகிறாள்.

அவளுக்கு இழக்க ஒன்று இருந்தது. மகள் எழில் நர்சிங் முடித்துவிட்டாள். மன்னாரில் யோகமலரின் தங்கை இருக்கிறாள். அங்கே ஆஸ்பத்திரி வேலை ஒன்று கூடிவருகிறது. முகாமில் பிறந்த பிள்ளை கடல் தாண்ட வேண்டுமானால் வெளியேறும் அனுமதி வேண்டும். அனுமதிக்கு விசாரணை உண்டு. விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனுஷன்தான். போகும்போது சொன்னார்: "முடியற வரைக்கும் உங்க ரெண்டு பேர் பேரும் எதுலயும் வராமப் பாத்துக்கங்கம்மா." இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு அமைப்பு முகாமின் இளம் பெடியன்களைக் கலைவிழா என்று கூட்டிப்போனது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது, படத்துக்குக் கீழே யாரோ எழுதிய பொய்யும் வந்தது. விசாரணை, விசாரணை என்று அந்தப் பெடியன்கள் அலைந்த அலைச்சல் அவளுக்குத் தெரியும். இப்போது பஸ் நிறையச் சனத்தைக் கூட்டிப்போனால், பொறுப்பு என்று கையெழுத்துப் போடவேண்டியவள் அவள்தான்.

மாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றிருந்த எழிலே வாயைத் திறந்துவிட்டாள்.

"அம்மா, பிறந்ததில இருந்து இஞ்சதான் இருக்கிறன். ஒரு நாடகம் பாத்ததில்லை. போறதுக்கு முதல் ஒண்டாவது பாத்திட்டுப் போறனே."

யோகமலர் டீக் கிளாஸைக் கவிழ்த்துவைத்தாள். "முதல்ல நான் வந்து பாக்கிறன் தங்கச்சி. பிறகு சொல்லுறன்."

*

காந்திபுரத்தில் இறங்கி வேறு டவுன் பஸ் ஏறி, ஒரு வேலைநாளில் அவள் போய்ச் சேர்ந்தாள். சந்தேகப்படுகிறவளுக்கு ஒரு நன்மை உண்டு: எந்தப் பொருளையும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். அரைநாளில் அந்தக் குடோனை அங்கேயே வேலை செய்கிறவர்களைப் போல அறிந்துகொண்டாள்.

ஒரு பக்கம் தரையோடு தரையாக மேடை. எதிரே பலகையைப் படிபடியாக அடித்து, படிக்கு ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் இருப்பவர் தலை பின்னால் இருப்பவருக்கு மறைக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. மேடையின் இரண்டு பக்கமும் பின்னாலும் கறுப்புத் துணிகள். துணிக்குப் பின்னால் என்ன என்று கேட்டு, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். ஒரு வைக்கோல் குதிரை, இரண்டு வாளி, ஒரு பழைய மின்விசிறி.

"அது எதுக்கு?"

"புழுதிக் காத்து அடிக்கறதுக்குங்க. சந்தைல காத்து வேணுமில்லீங்களா."

மின்விசிறியைப் போட்டுக் காட்டச் சொன்னாள். காற்றுத்தான் வந்தது.

பின்சுவரின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. ஏணி வைத்து ஏற வேண்டும். உள்ளே காதில் கருவி மாட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டு ஒருவர் இருந்தார். யோகமலர் ஏணியின் அடியில் போய் நின்றாள்.

"அங்க இருந்து ஆர் எங்களப் பாக்கிறது?"

"நரசிம்மலு அண்ணனுங்க. லைட்டு போடறவரு."

ஏணியில் ஏறி, நரசிம்மலுவை எழுப்பிவிட்டு, அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து மேடை முழுசாகத் தெரிந்தது. பார்வையாளர் நாற்காலிகளின் முதுகுகள் மட்டும் தெரிந்தன.

"பாத்தீங்களா அம்மணி" என்றார் அவர். "நான் நாப்பது நாடகத்துக்கு லைட்டு போட்டவன். இத்தன வருசத்துல சனங்களோட உச்சந்தலையத் தவுர வேற ஒண்ணும் பாத்ததில்ல. யாருக்குச் சொட்டைன்னு கேளுங்க, சொல்றேன்."

விளக்குகள் எப்படி இறங்குகின்றன என்று காட்டினார். ஒரு பித்தானை மெல்லக் கீழே இழுத்தால் பார்வையாளர் பக்கம் மங்கும். மேடை மட்டும் நிற்கும். எதிரே இருப்பதுதான் உலகம் என்று கண் நம்பிவிடும். நாடகத்தின் பாதித் தந்திரம் இருட்டுத்தான்.

"இருட்டு வேண்டாம்" என்றாள் யோகமலர். "எங்கட சனத்துக்கு லைட் நிண்டு இருட்டினால் எழும்பி வெளிய போற பழக்கம். குண்டு விழுந்த காலத்தில வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது எண்டு பழகின சனம்."

லோகப்பிரியாவின் முகம் மலர்ந்தது. இதைத்தான் கேட்கக் காத்திருந்தவளைப் போல. "அதெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கறமுங்க்கா! லைட்ட முழுசா அணைக்கவே மாட்டோம். நாடகத்துல இருந்த பட்டாசுச் சத்தத்தையும் எடுத்துப்போட்டோம். கதவப் பாதி தொறந்தே வெப்போம். யாரு எப்ப எந்திரிச்சுப் போனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

கேட்டதற்கெல்லாம் உடனே சரி சொல்கிறாளே என்று யோகமலருக்கு இன்னும் கொஞ்சம் பயம் கூடியது. பேரம் பேசாத வியாபாரியை அவள் நம்பியதில்லை. சுற்றிப் பார்த்தாள். பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பலகை. அதில் ஒரு சின்னக் கேமரா, மூக்கு நேராகப் பார்வையாளர் பக்கம். பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கண் வைத்த ஒரு பெட்டி.

"தங்கச்சி. இது என்ன?"

லோகப்பிரியா கொஞ்சம் திணறினாள். "பண உதவி பண்றவங்க கேப்பாங்கக்கா. சனங்க வந்தாங்களான்னு படம் வேணுமுன்னு. மொதல்லயே சொல்லியிருக்கோணும், சொல்லாம உட்டுப்போட்டேன்."

"மூடுங்கோ."

"மூடிப்போடறனுங்க."

"பக்கத்தில ரெண்டு கண் இருக்கே, அது?"

"அது எமர்ஜென்சி லைட்டுங்க. கரண்ட் போனா அதுவே எரியும். உள்ள பேட்டரி இருக்குது."

கண் வைத்த பெட்டி எதுவானாலும் அவள் நம்பத் தயாராக இல்லை. "அதையும் சேத்து மூடுங்கோ."

நரசிம்மலு வாயைத் திறந்தார். லோகப்பிரியா அவரைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றாள். விருந்தாளி கேட்டதை மறுக்கக் கூடாது என்பது அவள் எண்ணம். மேடைக்குப் பக்கத்தில் தொங்கிய கறுப்புத் துணியில் ஒரு துண்டு எடுத்துவந்து, கேமராவையும் விளக்கையும் சேர்த்துப் போர்த்திவிட்டார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் வந்தது. குடோன் வாசலில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு நின்று, "ஒவ்வொருத்தரா வாங்க, எண்ணிக்கறோம்" என்றாள்.

எந்த அரங்கிலும் இப்படி எண்ணுவது வழக்கம். எத்தனை பேர் உள்ளே என்று தெரிந்தால்தான் தீப்பிடித்தால் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று தெரியும். ஆனால் முகாமில் எண்ணுவது என்றால் செக்கிங். அதிகாரி வரும் நாளில் வீட்டு நம்பர் வரிசைப்படி ஒவ்வொரு குடும்பமும் நிற்கும். குடும்பத்தலைவர் முன்னால், பிள்ளைகள் உயரப்படி பின்னால். நம்பரைக் கூப்பிட்டால் எத்தனை பேர் என்று சொல்லி, இருக்கிறம் என்று சொல்ல வேண்டும். அன்று இல்லாதவருக்கு உதவித்தொகை நிற்கும். பிறகு பதிவே போகும்.

அந்தப் பெண் எண்ணிக்கறோம் என்றதுதான் தாமதம், சளசளவென்று இறங்கிய சனம் ஓசையில்லாமல் பிரிந்து, ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையில் நின்றது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டன. புதுச்சேலையும் பூவுமாக, நாடகம் பார்க்க வந்த சனம், செக்கிங்குக்கு நிற்பதைப் போல நின்றது. ஒருவரும் சொல்லித்தரவில்லை.

வாசல் பெண்ணுக்குச் சிரிப்பு மறைந்தது. யோகமலர் முன்னால் வந்து, "போங்கோ, போங்கோ, இது அது இல்லை" என்று ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டாள். சொல்லும்போதே, இது அது இல்லை என்று தனக்கு எப்படித் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் கடைசி வரிசையில் ஒருவனைக் கண்டாள். ஒட்ட வெட்டிய தலை. சட்டையை உள்ளே விட்டிருந்தான். மெருகேற்றிய செருப்பு. கை கட்டிக்கொண்டு, நாடகம் தொடங்கும் முன்பே நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். நாடகம் பார்க்க வருகிறவர் மேடையைத்தானே பார்க்க வேண்டும்? ஊர்க்காரர்கள் இன்னும் பத்துப் பதினைந்து பேர் டிக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவனைப் போலவும் அவன் இல்லை. நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மேடையையும் அவனையும் ஒரே பார்வையில் பிடிக்கும்படி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மேடை பார்வையிலிருந்து நழுவிவிட்டது.

மேடையில் தரகர் வந்தார். குதிரைச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒரு துண்டைப் போர்த்தி, அதற்கு அடியில் கையைக் கோத்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையைச் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு முகம் மட்டும்தான் தெரியும். நாடகத்துத் தரகர் வாங்குகிறவனின் விரலைப் பிடித்ததும் அவன் முகம் போன போக்கு இருக்கிறதே!

முகாம் சனம் முதலில் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தது, பிறகு யோகமலரைப் பார்த்தது. அவளோ கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நம்பர் ரஞ்சிதமலர் அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "ஐயோ, எங்கட ரேஷன் குடுக்கிற சங்கக்கடை மனேஜர் மாதிரியெல்லோ முழிக்கிறான்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். அதோடு உடைந்தது. சிரிப்பு படிபடியாக மேலே ஏறியது.

கடைசி வரிசைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை.

தரகர் மறுபடி துண்டைப் போர்த்தினார். குதிரைக்காரன் கையை உள்ளே விட்டான். அப்போது மின்சாரம் போனது.

சிங்காநல்லூரில் மின்சாரம் போவது பெரிய செய்தி அல்ல. ஆனால் பஞ்சுக் குடோனுக்கு ஜன்னல் கிடையாது. பாதி திறந்த ஒரே கதவோ மேடைக்குப் பின்னால், தடித்த கறுப்புத் துணிகளுக்கு அப்பால் இருந்தது. மையிருட்டு. பிறகு நாற்காலிகள் பலகையில் உரசும் சத்தம். யாரும் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. முகாம் சனம் கத்தாமல் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வெளியே போகத் தொடங்கியிருந்தது. படிகள் குறுகல். ஒவ்வொரு படிக்கும் விளிம்பு உண்டு. ஒரு பிள்ளை விழுந்தால், அதன்மேல் ஒருத்தி விழுந்தால், ஆம்புலன்ஸ், பிறகு போலீஸ், பிறகு 'யார் பொறுப்பு' என்ற கேள்வி, பிறகு எழில்.

கரண்ட் போனால் அதுவே எரியும் என்றார்களே? திரும்பிப் பார்த்தாள். பக்கச் சுவரின் உயரத்தில், இருட்டில் ஒரு மெல்லிய வெள்ளை நூல். துணியின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டி பொய் சொல்லவில்லை. அவள் மூடச் சொன்ன துணிக்கு அடியில் அது ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

"நரசிம்மலு அண்ணை! துணிய எடுங்கோ!" என்று கத்தினாள்.

"ஏணிய தடவிட்டு இருக்கறனுங்க அம்மணி!"

அவர் இறங்கி வருவதற்குள் சனம் படியில் இறங்கிவிடும். உட்காருங்கோ என்றால் இருட்டில் யார் கேட்பார்கள்? யோகமலர் மூச்சை இழுத்து, செக்கிங் நாளில் அதிகாரி கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"ஒண்டாம் நம்பர்!"

உரசும் சத்தம் நின்றது.

"ஒண்டாம் நம்பர், அஞ்சு பேர், இருக்கிறம்."

"இருந்த இடத்தில இருங்கோ! ரெண்டாம் நம்பர்!"

"மூண்டு பேர். இருக்கிறம்."

"மூண்டு!"

நம்பரைக் கூப்பிடும்போது யாரும் நகரக் கூடாது. நகர்ந்தால் விடுபட்டுப்போகும். அத்தனை வருஷப் பழக்கம் அத்தனை கால்களையும் பிடித்து நிறுத்தியது. இருட்டிலிருந்து குரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. இடையில் ஊர்க்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி, "ஏனுங்க, நாங்களும் சொல்லோணுங்களா?" என்று கேட்டார். "சொல்லுங்கோ, ஆனா இருந்துகொண்டு சொல்லுங்கோ!" என்றாள் யோகமலர்.

"பத்து!"

"நாலு பேர். கைப்பிள்ளையோட அஞ்சு. இருக்கிறம்."

பதினொன்று அவள் வீடு. "பதினொண்டு. ரெண்டு பேர். நான் இருக்கிறன்" என்றாள். பக்கத்து நாற்காலியிலிருந்து மற்றக் குரல் வரவேண்டும். வரவில்லை. கை நீட்டித் தடவினாள். நாற்காலி காலி.

"எழில்!"

"இருக்கிறன் அம்மா." குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. அவன் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து.

நரசிம்மலு எட்டி இழுத்ததும் துணி விழுந்தது. இரண்டு வெள்ளைக் கண்ணும் அரங்கத்தின்மேல் திறந்தன. யோகமலர் படிகளில் ஏறிய வேகத்தைப் பார்த்து நாலு பேர் காலை மடக்கிக்கொண்டார்கள். அவன் அவள் வருவதைக் கண்டு எழுந்து நின்றான். நின்றவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க ஆபீசரம்மா!"

"ஆபீசரோ? ஆர்?"

"நீங்கதானுங்க! நான் வரும்போதே வாசல்ல எல்லாத்தையும் ஒழுங்குபண்ணி உள்ள உட்டுட்டு இருந்தீங்க. நாடகத்தப் பாக்காம என்னையவே மொறச்சுப் பாத்தீங்க. இருட்டுல ஆஜர் எடுத்தீங்க. வேற யாருன்னு நெனைக்கட்டும்?"

எழில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "நீங்கள் இவரையே பாத்துக்கொண்டிருந்தீங்கள் அம்மா. ஆரெண்டு கேட்டிட்டு வருவம் எண்டு வந்தன். இவர் அந்தியூர்த் தரகர். பேர் நஞ்சுண்டன்."

"உண்மையான தரகரோ?"

"ஆமாங்க" என்றார் நஞ்சுண்டன் பரிதாபமாக. "தரகனப் பத்தி நாடகம் போடறாங்கன்னு காதுல உழுந்துச்சு. எங்க வெரலுக் கணக்கையெல்லாம் ஊருக்கே போட்டு ஒடைக்கறாங்களோன்னு பாக்க வந்தேனுங்க. வந்து பாத்தா உள்ள ஒரு போலீஸ்காரம்மா. அதான் வேர்த்துப்போச்சு."

எட்டாம் நம்பர்தான் மறுபடி முதலில் சிரித்தது. பிறகு அரங்கமே சிரித்தது. யோகமலருக்கு முகம் சூடேறியது. சிரிக்கவும் வந்தது, இவரும் சும்மா சொல்கிறாரோ என்று ஒரு ஓரத்தில் நினைப்பும் ஓடியது.

லோகப்பிரியா ஓடிவந்தாள். "அக்கா, கரண்டு எப்ப வருமுன்னு தெரியலீங்க. நிறுத்திப்போடலாமுங்களா?"

யோகமலர் யோசித்தாள். ஆறு மணிக்குள் முகாமில் நிற்க வேண்டும். தரகரின் கை இன்னும் துண்டுக்கு அடியில் இருந்தது, குதிரை விற்கவில்லை. சனத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"மேடைக்குப் பின்னால இருக்கிற கதவை முழுசாத் திறவுங்கோ. அந்தக் கறுப்புத் துணியையும் இழுத்துவிடுங்கோ. பகல்தானே. இடைவேளை வேண்டாம். எங்களுக்கு நேரம் வந்தால் எழும்பி வாறம்."

இரும்புக் கதவைத் தள்ளியதும் வெயில் மேடையில் விழுந்தது. நரசிம்மலு, "இன்னைக்கு எனக்கு லீவுங்க" என்று முதல் வரிசையில் உட்கார்ந்து, முதல்முறையாக நடிகர்களின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். மீதி நாடகம் பகல் வெளிச்சத்தில் நடந்தது. குதிரை விற்றது. நஞ்சுண்டன் மட்டும் பின்னாலிருந்து, "மூணாவது வெரலு தப்புங்க" என்றார்.

*

பஸ் முகாம் வாசலுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசலில் காவலுக்கு இருந்த அதிகாரி எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். கடைசியாக யோகமலரைப் பார்த்து, "சிங்காநல்லூர்ல கரண்ட் போயிருச்சாமே?" என்றார்.

யார் சொன்னது? கடைசி வரிசை, வாசல் பெண், நரசிம்மலு என்று ஒவ்வொரு முகமாக வந்து போனது.

"அந்த நாடகக்காரப் பொண்ணு போன் போட்டுச்சு. 'வர லேட்டானா தப்பு எம்மேலதான், அக்கா பேர எதுலயும் எழுதிப்போடாதீங்க'ன்னு நெம்பக் கெஞ்சுச்சு. நீங்க சரியாத்தான் வந்திருக்கறீங்க." சிரித்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்.

நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறாள். ஆனால் என்னிடம் கேட்காமல் என் பேரை எடுத்து, எங்கே சொல்லக் கூடாதோ அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் டீக்கடைப் பெஞ்சில் இதைப் பேசியாக வேண்டும், விளக்குகளைப் பற்றியும் பேச வேண்டும், அந்தப் பெட்டியை மூடச் சொன்னது என் பிழை என்பதையும் சொல்ல வேண்டும் என்று யோகமலர் மனதுக்குள் வரிசை போட்டாள்.

பக்கத்தில் நடந்த எழில் துப்பட்டாவை இருவர் கைமேலும் போட்டாள். அடியில் அம்மாவின் விரல்களைத் தேடிப் பிடித்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"நஞ்சுண்டன் மாமா சொல்லித்தந்தவர். நான் போறதுக்கு முதல் இன்னும் எத்தினை நாடகம் எண்டு கேக்கிறன். வாயால சொல்லக் கூடாது."

யோகமலர் சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. முகத்தை ஒன்றும் தெரியாததைப் போல வைத்துக்கொண்டு, துணிக்கு அடியில் மகளின் விரல் ஒன்றைப் பிடித்தாள். சற்று யோசித்து, இன்னொன்றையும் சேர்த்துப் பிடித்தாள்.